சென்ட்ஓஎஸ் 7 சர்வரில், ரூட் இல்லாமல், புதிய ஜிசிசியை சோர்ஸிலிருந்து கட்டுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: துறையின் பொது சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 ஓடுகிறது. அதில் இருப்பது ஜிசிசி என்ற சி, சி++ கம்பைலரின் 4.8.5 பதிப்பு. என் சி++20 நிரல் ‘ஃபார்மேட்’ என்ற ஹெடரைக் கேட்கிறது, கம்பைலரோ அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. ரூட், அதாவது நிர்வாகி அனுமதி கிடையாது. ஜிசிசி 13-இன் சோர்ஸை இறக்கினேன். அது கேட்ட ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற கணித லைப்ரரிகள் மூன்றையும் தனித்தனியாக ஹோம் டைரக்டரியில் நிறுவிவிட்டு மேக் கொடுத்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடி, ‘ஆப்ஜெக்ட் ஃபைல்களின் சஃபிக்ஸைக் கணக்கிட முடியவில்லை’ என்று நின்றுவிட்டது. இந்த சஃபிக்ஸை எங்கே மாற்றுவது?

சஃபிக்ஸைத் தேடிப் போகாதீர்கள், அங்கே ஒன்றும் இல்லை. கட்டும் முன் மெஷினைச் சோதிக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் செய்ததைச் சொல்கிறேன். அப்போதுதான் பிறந்த புதுக் கம்பைலரிடம் நாலு வரி சி நிரலைக் கொடுத்து, வெளியே வரும் ஃபைலின் பெயர் எப்படி முடிகிறது என்று பார்க்கப் போனது. கம்பைலர் ஓடவே இல்லை. ஃபைலே வராதபோது அதன் வாலை எங்கே பார்ப்பது? அதனால் தனக்குத் தெரிந்த மொழியில் ‘சஃபிக்ஸ் தெரியவில்லை’ என்று புலம்பிவிட்டு நின்றுவிட்டது.

உண்மைக் காரணம் கன்ஃபிக்.லாக் ஃபைலில் எழுதியிருக்கும். ஆனால் ஜிசிசியில் கன்ஃபிக்.லாக் ஒன்றல்ல, டஜன் கணக்கில் இருக்கும். மேல்மட்டத்தில் இருப்பதைத் திறந்து பார்த்துவிட்டு ‘ஒன்றும் புரியவில்லை’ என்று திரும்பி வருபவர்கள்தான் அதிகம். கட்டிக்கொண்டிருக்கும் ஃபோல்டருக்குள் மெஷினின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் லிப்ஜிசிசி, அதற்குள் ஒரு கன்ஃபிக்.லாக். அதைத் திறந்து ‘எரர்’ என்று தேடுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அங்கே இருக்கப்போவது இதுதான்: கம்பைலரின் உள்பகுதியான சிசி1 ஓடும்போது லிப்எம்பிசி.எஸ்ஓ.3 என்ற ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை.

நீங்கள் ஹோமில் நிறுவிய எம்பிசி எங்கே இருக்கிறது என்று கன்ஃபிகருக்குச் சொன்னீர்கள், அதனால் லிங்க் செய்யும்போது லைப்ரரி கிடைத்தது. பிறகு அந்தக் கம்பைலர் ஓடத் தொடங்கியபோது லைப்ரரியைத் தேடியது, நிரல்களை மெமரியில் ஏற்றும் சிஸ்டத்தின் லோடர். அதற்கு உங்கள் ஹோம் டைரக்டரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கட்டும்போது கிடைத்த லைப்ரரி ஓடும்போது கிடைக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு உங்கள் சொந்த நிரலும் இதே பள்ளத்தில்தான் விழப்போகிறது, அப்போது திரும்ப வருவோம்.

இப்போதைக்குத் தீர்வு எளிது. அந்த மூன்றையும் தனியாக நிறுவாதீர்கள். ஹோமில் போட்டதை அழித்துவிடுங்கள். ஜிசிசி சோர்ஸுக்குள் ‘கான்ட்ரிப்’ என்ற ஃபோல்டர் இருக்கிறது, அதில் ‘டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ்’ என்று ஒரு ஸ்கிரிப்ட். சோர்ஸின் மேல்மட்டத்தில் நின்றுகொண்டு அதை ஓட்டினால், இந்தப் பதிப்போடு ஒத்துப்போகும் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி, ஐஎஸ்எல் நான்கையும் இறக்கி, செக்சம் சரிபார்த்து, சோர்ஸுக்குள்ளேயே வைத்துவிடும். ஜிசிசி அவற்றைத் தன்னோடு சேர்த்துக் கட்டி, ஸ்டாட்டிக்காகத் தனக்குள் இணைத்துக்கொள்ளும். லோடர் தேட வேண்டிய வேலையே இல்லை. இந்த ஸ்கிரிப்டைப் பற்றித் தெரியாமல் மூன்று லைப்ரரிகளோடு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தவன் நான்.

இதில் இரண்டு இடங்களில் தடுக்கும். மினிமல் நிறுவலாக இருந்தால் பிஜிப்2 இருக்காது. ஜிஎம்பியின் சுருக்கிய ஃபைல் அந்த வடிவில் வருவதால், பிரிக்க முடியாமல் டார் திட்டும். ஜிஎம்பியைக் கட்ட எம்4 என்ற கருவியும் வேண்டும். இரண்டும் இருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். சர்வரில் இன்டர்நெட் இல்லை என்றால் உங்கள் லேப்டாப்பில் ஸ்கிரிப்டை ஓட்டி, ஃபோல்டரை முழுதாக டார் போட்டு மேலே அனுப்புங்கள். ஃபைல் ஃபைலாகக் காப்பி செய்யாதீர்கள். தேதி முத்திரைகள் மாறிப்போனால் மேக் குழம்பி, தயாராக இருக்கும் ஃபைல்களைத் திரும்ப உருவாக்கக் கிளம்பும், அதற்கு வேறு கருவிகள் கேட்கும்.

சரி, இதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இவ்வளவு பாடு அவசியம்தானா? பல பேருக்கு அவசியமில்லை. 4.8-இல் பிழை வருகிறது என்று வருபவர்களில் பாதிப் பேர் ‘எஸ்டிடி’ ஆப்ஷனில் சி++11 என்று கொடுக்காமல் விட்டவர்கள். அந்தக் கம்பைலர் ஆப்ஷன் இல்லாவிட்டால் சி++98 காலத்திலேயே நின்றுகொள்ளும். சி++17-ஐ இயல்பாக எடுத்துக்கொள்வது ஜிசிசி 11-இலிருந்துதான். ரூட் இருப்பவர்களுக்கு டெவ்டூல்செட் என்ற தொகுப்பு இருந்தது. சென்ட்ஓஎஸ் 7-க்கு அதன் 11-ஆம் வரிசை ஜிசிசி 11.2-ஐக் கொடுத்தது. அது புத்திசாலித்தனமான ஏற்பாடு: பழைய லைப்ரரியில் இல்லாத புதிய பகுதிகளை மட்டும் உங்கள் நிரலுக்குள் ஸ்டாட்டிக்காகத் திணித்துவிட்டு, மீதிக்கு சிஸ்டத்தில் இருப்பதையே பயன்படுத்தும். அதனால் கட்டிய நிரலை வேறு சென்ட்ஓஎஸ் 7 மெஷினுக்கு எடுத்துப்போனாலும் ஓடும். சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-ஓடு முடிந்து, அதன் ரெப்போக்கள் பழைய சரக்கறைக்குப் போய்விட்டன, அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். காண்டா என்ற பேக்கேஜ் மேனேஜரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் காண்டா-ஃபோர்ஜில் ரூட் இல்லாமலே தயார் கம்பைலர் கிடைக்கும். அவசரம் என்றால் அந்த வழிதான் முதலில்.

உங்கள் விஷயத்தில் டெவ்டூல்செட் இருந்தாலும் உதவாது. ‘ஃபார்மேட்’ ஹெடர் ஜிசிசிக்கு வந்ததே 13-இல்தான். அதனால் 13 என்று நீங்கள் எடுத்தது சரியான முடிவு. இன்னும் புதிதாக 15 இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். ஜிசிசி 4.8-இலிருந்து சி++-இல் எழுதப்படுகிறது, ஆகவே அதைக் கட்ட ஏற்கெனவே ஒரு சி++ கம்பைலர் வேண்டும். 11 முதல் 14 வரை உள்ள பதிப்புகளுக்கு சி++11 தெரிந்த கம்பைலர் போதும், 4.8 அதற்குச் சரியாக எட்டும். 15-க்கு சி++14 தெரிய வேண்டும், அதாவது குறைந்தது ஜிசிசி 5.4. உங்கள் 4.8.5-ஐ வைத்து நேராக 15-க்குத் தாவ முடியாது, நடுவில் ஒன்றைக் கட்டித்தான் ஏற வேண்டும். 13 வரிசையில் கடைசியாக வந்த புள்ளிப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்காட்டுக்கு 13.2 என்று வைத்துப் பேசுகிறேன், அது 2023 ஜூலையில் வந்தது. கிட்டிலிருந்து எடுக்காமல் வெளியிடப்பட்ட டார் ஃபைலை எடுங்கள். அதில் ஃப்ளெக்ஸ், பைசன் போன்றவை உருவாக்க வேண்டிய ஃபைல்கள் ஏற்கெனவே தயாராக இருக்கும்.

அடுத்தது இடம். இதில் மூன்று ஃபோல்டர்கள், மூன்றும் தனித்தனி: சோர்ஸ் இருப்பது ஒன்று, கட்டுவது ஒன்று, நிறுவுவது ஒன்று. சோர்ஸுக்குள்ளேயே நின்று கன்ஃபிகர் கொடுக்கும் பழக்கம் மற்ற மென்பொருள்களில் செல்லும், ஜிசிசியில் செல்லாது. அதன் கையேடே வேண்டாம் என்கிறது. கட்டும் ஃபோல்டர் தனியாக இருந்தால் ஏதாவது கெட்டுப்போனபோது அதை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பாதி கட்டியதன்மேல் வேறு ஆப்ஷன்களோடு மறுபடி கன்ஃபிகர் ஓட்டி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத பிழைகளோடு மல்லுக்கட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டும் ஃபோல்டர் பல ஜிபி தின்னும். பொது சர்வர் என்றால் ஹோமுக்கு அளவு கட்டுப்பாடு இருக்கும், போதாக்குறைக்கு ஹோம் நெட்வொர்க் வழியாக வேறு எங்கோ இருக்கும் டிஸ்க்காகவும் இருக்கலாம். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கே எழுதினால் ஆமை வேகம்தான். ஸ்க்ராட்ச் என்று உள்ளூர் டிஸ்க் கொடுத்திருந்தால் அங்கே கட்டுங்கள், நிறுவுவது மட்டும் ஹோமில் இருக்கட்டும். டெம்ப் ஃபோல்டரில் கட்டலாம்தான், ஆனால் சில நிர்வாகிகள் அங்கே எதையும் ஓட்ட முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். அப்போது கன்ஃபிகர் ‘கம்பைல் செய்த சி நிரலை ஓட்ட முடியவில்லை, க்ராஸ் கம்பைல் செய்கிறீர்களா’ என்று சம்பந்தமில்லாமல் கேட்கும்.

ஆப்ஷன் பெயர்களை உச்சரிப்பதுபோலவே எழுதுகிறேன். கன்ஃபிகருக்கு ‘ஹெல்ப்’ கொடுத்தால் சரியான எழுத்தில் காட்டும். உங்களுக்கு மூன்றே போதும். ‘ப்ரிஃபிக்ஸ்’: நிறுவ வேண்டிய இடம், ஹோமுக்குள் ஜிசிசி-13.2 என்று ஒரு ஃபோல்டர், முழுப் பாதையாக. ‘எனேபிள்-லாங்வேஜஸ்’: சி, சி++ இரண்டு மட்டும். ஃபோர்ட்ரான் வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் துறையில் யாராவது கேட்பார்கள். ‘டிசேபிள்-மல்டிலிப்’: 64 பிட் லினக்ஸில் ஜிசிசி தானாகவே 32 பிட் லைப்ரரிகளையும் கட்டப் பார்க்கும், அதற்கு 32 பிட் ஜிலிப்சி (சி லைப்ரரி) ஹெடர்கள் வேண்டும், உங்கள் சர்வரில் அவை இருக்க வாய்ப்பில்லை. இந்த ஆப்ஷனைக் கொடுக்காவிட்டால் கன்ஃபிகரே அந்த ஹெடர்கள் இல்லை என்று சந்தேகத்தைச் சொல்லிவிட்டு நிற்கும். பழைய பதிப்புகள் இதைக்கூடச் சொல்லாது. வெகுநேரம் ஓடிவிட்டு ‘ஸ்டப்ஸ்-32’ என்று ஒரு ஹெடரைக் காணோம் என்று விழும்.

ப்ரிஃபிக்ஸ் பற்றி ஒரு வார்த்தை, இது ரூட் இருப்பவர்களுக்கு. சிஸ்டத்தின் யூஎஸ்ஆர் ஃபோல்டரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு வேலையிடத்தில் நான் கொடுத்தேன். புதுக் கம்பைலர் பழையதன் தலைமேல் உட்கார்ந்தது. சில வாரங்களில் சிஸ்டத்தின் பேக்கேஜ் மேனேஜரான யம் வழியாக அப்டேட் ஒன்று வந்து பழைய ஜிசிசியை மறுபடி அதே இடத்தில் வைத்தது, பாதி ஃபைல்கள் அதனுடையவை, பாதி என்னுடையவை. மேக் அன்இன்ஸ்டால் கொடுத்துப் பார்த்தேன். ஜிசிசியில் அது கிடையாது, ‘இந்த மரத்தில் அந்த வசதி இல்லை’ என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டுப் போய்விடும். சரி, கையாலேயே சுத்தம் செய்கிறேன் என்று இறங்கி, பழைய புதிய லிப்எஸ்டிடிசி++ (சி++ லைப்ரரி) இரண்டையும் சேர்த்து அழித்துவிட்டேன். சி++-இல் எழுதப்பட்ட எதுவும் ஓடவில்லை. எப்படிச் சரி செய்வது என்று பார்க்க மேன் பக்கத்தைத் திறந்தால் அதுவும் வரவில்லை, ஏனென்றால் மேன் பக்கங்களை அச்சுக்கோக்கும் க்ரோஃப் சி++-இல் எழுதப்பட்டது. அந்த விஷயத்தை நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். பக்கத்து மெஷினிலிருந்து ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்து மீண்டேன். சிஸ்டத்தின் கம்பைலர் சிஸ்டத்துக்கு, உங்களுடையது தனி வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம் மேக். கொடுக்கும் முன் டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீனுக்குள் நுழைந்துகொள்ளுங்கள், இணைப்பு அறுந்தால் வேலையும் போய்விடும். ‘ஜே’ ஆப்ஷனில் எத்தனை கோர்களோ அந்த எண்ணைக் கொடுங்கள். பொது சர்வர் என்பதால் பாதியோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. வெளிவருவதை எல்லாம் டீ கட்டளை வழியாக ஒரு லாக் ஃபைலுக்கும் அனுப்புங்கள். இது ஏன் முக்கியம் என்றால், பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவதால், ஒன்று விழுந்த பிறகும் மற்றவை தம் போக்கில் நூறு இருநூறு வரி பேசிக்கொண்டிருக்கும். கடைசியில் திரையில் நிற்பது ‘எரர் 2’ என்ற வெறும் வரி. அதை வைத்துக்கொண்டு உதவி கேட்டால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. லாக்கில் மேலிருந்து தேடி, முதன்முதலில் ‘எரர்’ வரும் இடத்தையும் அதற்கு முந்தைய பத்து வரிகளையும் பாருங்கள், நோய் அங்கேதான் இருக்கும்.

நான்கு கோர் மெஷினில் எனக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே கீழே ஆகும். ஒற்றைக் கோர் என்றால் இரவு படுக்கும் முன் கொடுத்துவிடுங்கள். ஏன் இவ்வளவு நேரம் என்றால், ஜிசிசி தன்னை ஒரு தடவை அல்ல, மூன்று தடவை கட்டிக்கொள்கிறது. தயிர் உறை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். புதுத் தயிருக்குப் பழைய தயிரில் ஒரு கரண்டி வேண்டும், முதல் நாள் தயிரில் அந்தப் பழைய உறையின் புளிப்பு இருக்கத்தான் செய்யும். உங்கள் 4.8.5 கட்டும் முதல் ஜிசிசி 13, நிரலளவில் 13 என்றாலும், அதன் மெஷின் கோட் 4.8.5-இன் கைவண்ணம். 4.8.5-இல் ஏதாவது பிழை இருந்தால் அதன் சுவடு இதிலும் இருக்கும். அந்த முதலாவதை வைத்து இரண்டாவது கட்டப்படுகிறது, இரண்டாவதை வைத்து மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே சோர்ஸிலிருந்து, ஒரேபோல நடந்துகொள்ள வேண்டிய கம்பைலர்களால் கட்டப்பட்டவை. ஆகவே அவற்றின் ஆப்ஜெக்ட் ஃபைல்கள் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். மேக் கடைசியில் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போனால் ஒப்பீடு வெற்றி என்று ஒரு வரி எழுதும். ஒத்துப்போகாவிட்டால் கம்பைலர் தன்னையே தவறாக மொழிபெயர்க்கிறது என்று பொருள், அதைப் பயன்படுத்தக் கூடாது. மெமரி பழுதான மெஷின்களில் இப்படி நடக்கும்.

‘டிசேபிள்-பூட்ஸ்ட்ராப்’ கொடுத்தால் ஒரே தடவையோடு முடியும், நேரம் வெகுவாகக் குறையும். 12-ஐ வைத்து 13 கட்டுகிறேன் என்றால் நானே அதைக் கொடுப்பேன். இங்கே உறை ஊற்றுவது 2013-இல் வந்த வரிசை, பத்து வருட இடைவெளி. மூன்று தடவையும் ஓடட்டும்.

நடுவில் விழுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் மெமரி. லாக்கில் ‘இன்டர்னல் கம்பைலர் எரர்: கில்டு, சிசி1ப்ளஸ்’ என்று வரும். கம்பைலரில் பிழை என்று பயமுறுத்தும், ஆனால் கொன்றது கெர்னல். டிமெசேஜ் பார்த்தால் மெமரி தீர்ந்ததால் எந்த ப்ராசஸைக் கொன்றது என்று பெயரோடு எழுதியிருக்கும். ஜிசிசியின் சோர்ஸில் மெஷினே எழுதிய பிரம்மாண்டமான ஃபைல்கள் சில உண்டு, ‘இன்ஸ்ன்’ என்று தொடங்குபவை, ‘ஜிம்பிள்-மேட்ச்’ போன்றவை. அவற்றில் நாலு ஒரே நேரத்தில் கம்பைல் ஆனால் சின்ன மெஷின் தாங்காது. ஜே எண்ணைக் குறைத்து மறுபடி மேக் கொடுங்கள். விட்ட இடத்திலிருந்தே தொடரும், இதற்கு மட்டும் ஃபோல்டரை அழிக்க வேண்டாம்.

இன்னொன்று, கொஞ்சம் விசித்திரமானது. உங்கள் பாஷ்ஆர்சி ஃபைலில் யாரோ கொடுத்த வரிகளை ஒட்டி வைத்திருப்பீர்கள், லைப்ரரி பாத் மாறியில் கடைசியில் ஒரு அரைப்புள்ளி… இல்லை, முக்காற்புள்ளி, இரண்டு சொட்டு வைப்போமே அது, தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வாலுக்குப் பிறகு ஒன்றும் இல்லாவிட்டால் ‘இப்போது நிற்கும் ஃபோல்டர்’ என்று அர்த்தமாகிவிடும். ஜிசிசியின் கன்ஃபிகர் அதை ஏற்றுக்கொள்ளாது, லைப்ரரி பாத்தில் தற்போதைய ஃபோல்டர் இருக்கக் கூடாது என்று சொல்லி நின்றுவிடும். கட்டும் முன் அந்த மாறிகளை எல்லாம் அன்செட் செய்துவிட்டுச் சுத்தமான ஷெல்லில் தொடங்குவது நல்லது.

முடிந்ததும் மேக் இன்ஸ்டால். அதற்குப் பதிலாக ‘இன்ஸ்டால்-ஸ்ட்ரிப்’ கொடுத்தால் டீபக் தகவல்களைக் களைந்துவிட்டு நிறுவும், ஹோமில் சில நூறு எம்பி மிச்சமாகும். பின் ஃபோல்டரை பாத்தின் முன்னால் சேர்த்துவிட்டு ஜி++-இடம் வெர்ஷன் கேளுங்கள். இன்னும் 4.8.5 என்றால் பாஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கிறது, ‘ஹேஷ்’ கட்டளைக்கு ‘ஆர்’ கொடுத்து மறக்கச் சொல்லுங்கள். சிமேக் பயன்படுத்தினால் இன்னொரு இடத்தில் பழசு ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை கண்ட கம்பைலரை அது தன் கேஷில் எழுதி வைத்துக்கொள்ளும், பாத்தை மாற்றினாலும் அசையாது. அந்த பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு, சிசி, சிஎக்ஸ்எக்ஸ் மாறிகளில் புதியதன் முழுப் பாதையைக் கொடுத்துப் புதிதாக ஓட்டுங்கள்.

இப்போது உங்கள் நிரலை ‘எஸ்டிடி’யில் சி++20 கொடுத்து கம்பைல் செய்கிறீர்கள். பிழையே இல்லை. ஓட்டுகிறீர்கள். லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6-இல் ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.32’ கிடைக்கவில்லை என்று வரும். முதலில் சொன்ன பள்ளம் இதுதான். கட்டும்போது புதுக் கம்பைலர் தன்னோடு வந்த லைப்ரரியைப் பார்த்து லிங்க் செய்தது. ஓடும்போது லோடர் வழக்கமான இடத்துக்குப் போய் சென்ட்ஓஎஸ்ஸின் லைப்ரரியை எடுக்கிறது. பெயர் இரண்டுக்கும் ஒன்றே, கடைசி எண் 6. அதற்குப் பின்னால் உள்ள முழு எண்ணைப் பார்த்தால் சிஸ்டத்தில் இருப்பது 6.0.19, நீங்கள் கட்டியது 6.0.32. புதியது பழைய நிரல்களை ஓட்டும், பழையது புதிய நிரல்களை ஓட்டாது.

இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், எல்டி லைப்ரரி பாத்தில் புதிய லிப்64 ஃபோல்டரைச் சேர் என்பது. வேலை செய்யும். ஆனால் பாஷ்ஆர்சியில் போட்டு வைத்தால் நீங்கள் ஓட்டும் எல்லா நிரல்களுக்கும் அது பொருந்தும். நீங்கள் போடாத இடங்களில், அதாவது க்ரானில், ஜாப் ஷெட்யூலரில், பக்கத்து மேசை நண்பர் உங்கள் நிரலை ஓட்டும்போது, பொருந்தாது. சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் விரும்புவது ஆர்பாத். லிங்க் செய்யும்போது லிங்கருக்கு ‘ஆர்பாத்’ ஆப்ஷனில் உங்கள் ஜிசிசி-13.2-இன் லிப்64 பாதையைக் கொடுத்தால், அந்த முகவரி நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். லோடர் முதலில் அங்கே போய்ப் பார்க்கும். யார் ஓட்டினாலும், எந்த ஷெல்லில் ஓட்டினாலும் சரி, அந்த ஃபோல்டரைப் படிக்க அனுமதி இருந்தால் போதும். எல்டிடி கட்டளையை நிரல்மேல் ஓட்டிப் பாருங்கள், லிப்எஸ்டிடிசி++ வரியில் உங்கள் ஹோமின் பெயர் தெரிந்தால் வேலை முடிந்தது. நிரலை வேறு மெஷின்களுக்கு எடுத்துப்போகப் போகிறீர்கள் என்றால் ‘ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++’, ‘ஸ்டாட்டிக்-லிப்ஜிசிசி’ இரண்டையும் கொடுத்து லைப்ரரியையே உள்ளே விழுங்க வைக்கலாம். தனி நிரலுக்கு இது அருமை. சி++ ஷேர்டு லைப்ரரிகள் பலவற்றைச் சேர்த்து ஓட்டும் நிரல் என்றால், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிரதி இருந்து எக்ஸப்ஷன் எறிகிற இடத்தில் தகராறு வரக்கூடும், அங்கே ஆர்பாத்தே சரி.

எதைச் செய்தாலும், புதிய லைப்ரரியை சிஸ்டத்தின் ஃபோல்டரில் காப்பி செய்து பழையதை மாற்ற வேண்டாம். ரூட் இல்லாததால் உங்களால் முடியாது, அது ஒருவகையில் உங்கள் அதிர்ஷ்டம்.

இதே இடத்தில் பலர் குழம்பும் ஒன்று: பிழைச்செய்தியில் இருப்பது ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்’ஸா, வெறும் ‘ஜிலிப்சி’யா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முன்னது சி++ லைப்ரரி, ஜிசிசியோடு வருவது, அதைத்தான் இப்போது கட்டினோம். பின்னது சி லைப்ரரி, இயங்குதளத்தின் அடித்தளம். சென்ட்ஓஎஸ் 7-இல் அது 2.17. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 18-ஐ இறக்கி ஓட்டினால் 2.28 வேண்டும் என்று கேட்கும், அதற்காக ஜிசிசி கட்டுபவர்கள் இருக்கிறார்கள். பத்து ஜிசிசி கட்டினாலும் அது தீராது. அதற்குக் கன்டெய்னரோ புதிய இயங்குதளமோதான் வழி.

உங்கள் சர்வரில் இன்னும் இரண்டு சில்லறைத் தொந்தரவுகள் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜிடிபி என்ற டீபக்கரில் நிரலைத் திறந்தால் ‘டுவார்ஃப் எரர், பதிப்பு 5, இருக்க வேண்டியது 2, 3 அல்லது 4’ என்று வரும். ஜிசிசி 11 முதல் டீபக் தகவலை டுவார்ஃப் 5 வடிவில் எழுதுகிறது, சென்ட்ஓஎஸ் 7-இன் ஜிடிபி 7.6-க்கு அது தெரியாது. கம்பைல் செய்யும்போது ‘ஜிடுவார்ஃப்-4’ கொடுங்கள், பழைய வடிவில் எழுதும். இரண்டாவது, ‘மார்ச்’ ஆப்ஷனில் ‘நேட்டிவ்’ கொடுத்து, சர்வரின் ப்ராசஸரும் புதிதாக இருந்தால், அசெம்ப்ளர் ‘இப்படி ஒரு இன்ஸ்ட்ரக்ஷனே இல்லை’ என்று மறுக்கலாம். கம்பைலர் புதியது, அதன் பேச்சைக் கேட்டு எழுதும் அசெம்ப்ளர், லிங்கரும் அடங்கிய பழைய பின்யூட்டில்ஸ் தொகுப்பில் இருப்பது, வேறொன்றுமில்லை. பின்யூட்டில்ஸையும் அதே ப்ரிஃபிக்ஸில் கட்டி வைத்துவிட்டு, அதன் பின் ஃபோல்டர் பாத்தில் முன்னால் இருக்கும்படி செய்து, பிறகு ஜிசிசியைக் கட்டினால் இது வராது. அது பத்து நிமிட வேலைதான். மறுபடி முதலிலிருந்து தொடங்கப்போகிறீர்கள் என்பதால் அதையே முதல் படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பழைய கட்டும் ஃபோல்டரையும் தனியாக நிறுவிய அந்த மூன்றையும் அழித்துவிட்டு ஆரம்பியுங்கள். மறுபடி நின்றால் லாக்கில் முதல் ‘எரர்’ வரியையும், அது லைப்ரரிகளில் எதைக் கட்டும்போது வந்ததோ அதன் கன்ஃபிக்.லாக்கின் கடைசி ஐம்பது வரிகளையும் எழுதுங்கள், பார்க்கலாம்.